உள்ளங்கைச் சூடு

பொலிகாளையிடமிருந்து எடுத்த விந்து சிறிய கண்ணாடிக் குப்பியில் இருந்தது. மைக்ராஸ்கோப் வைத்த மேசை கொட்டகைக்கு வெளியே, வேப்பமரத்தடியில். "ஆறிப்போனா உயிரணு செத்துரும், கையில மூடிப் புடிச்சுக்கிட்டு வாங்க" என்று டாக்டரம்மா குப்பியைப் பாவாத்தாளிடம் கொடுத்தார். இரண்டு கைகளாலும் பொத்தியபடி அவள் நடந்தாள்.

டாக்டரம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "ஒண்ணுகூட அசையலைங்க."

"இவ கை பட்டா எப்பிடிங்க அசையும்?" என்றான் காளையைப் பிடித்திருந்த அவள் கணவன் சென்னியப்பன்.

சினை பிடிக்கவில்லை என்று மூன்று வருடத்தில் பதினொரு பசுக்களை அடிமாட்டு லாரியில் ஏற்றியிருந்தார்கள். காளையை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. குழந்தை இல்லையென்று எட்டு வருடமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததும் பாவாத்தாள் மட்டும்தான்.

"இன்னொருக்கா எடுங்க டாக்டரம்மா. இந்தத் தடவ அவுங்க கையிலயே குடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, மூக்கணாங்கயிற்றை அவனிடமிருந்து தானே வாங்கிக்கொண்டாள். காளை திமிறியது. அவள் கயிற்றைத் தளர்த்தவில்லை.

அரைமணி நேரம் கழித்து இரண்டாவது குப்பியோடு சென்னியப்பன் மேசைக்கு வந்தான். டாக்டரம்மா கையை நீட்டினார். அவன் மூடிய கையைத் திறக்கவில்லை.

"குடுங்க, ஆறிரும்."

அவன் மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காளையைக் கட்டிவிட்டு வந்த பாவாத்தாள், அவன் சுண்டுவிரலைப் பிடித்து முதலில் விரித்தாள். பிறகு அடுத்த விரலை.