ஏழாவது ஷரத்து

"அந்த ஒரு மணி நேரம் டீச்சருங்க உள்ளே என்னதான் பண்ணுவாங்க? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க கலைஞ்சு போயிடறோம்."

தையல்காரம்மா எழுந்து நின்று கேட்டாள். பள்ளிக்கூட ஹாலில் இருந்த பெற்றோர் எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் நாலு பேர், ஐந்தாவது ஆளைப் பார்த்தார்கள்.

அவர் பல் டாக்டர். ஆசிரியர்களோடு போட்ட புது ஒப்பந்தத்தை எழுதியவர் அவர்தான். அதில் ஏழாவது ஷரத்துதான் வில்லங்கம். புதன்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு, நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரை ஆசிரியர்கள் முறை போட்டு இருக்க வேண்டும். அப்போது பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது. யாரும் வந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. அதற்கு ஈடாக வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ரத்து.

"என்ன வேலைன்னு சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "நல்ல வேலைதான். நம்புங்க."

"எங்களைப் பார்த்தா 'ஆ'ன்னு வாயைத் திறக்கச் சொல்றீங்க. உங்க வாய் மட்டும் திறக்க மாட்டேங்குதே."

ஹாலே சிரித்தது. டாக்டரும் சேர்ந்து சிரித்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உங்க மச்சினி இங்கேதான் டீச்சர். அவங்க காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசறதுக்கு, என் பொண்ணு வெள்ளிக்கிழமை பாடத்தை விடணுமா? நான் கடையை மூடிட்டு ஓடி வரணுமா?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"மச்சினிக்காகன்னே வெச்சுக்குங்க. அந்த ஷரத்தை எடுத்தா, என்னையும் குழுவிலேருந்து எடுத்துடுங்க."

அடுத்த வாரம் ஓட்டுக்கு விடலாம் என்று சொல்லித் தலைவர் தப்பித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தையல்காரம்மா இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். அவள் புருஷன் தச்சர், வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல முதல் கையெழுத்து நீங்கதான்."

"எதுக்கு இந்த வம்பு? டாக்டர் நல்ல மனுஷன். விட்டுடேன்."

"கடவாய்ப் பல்லை வலிக்காம பிடுங்கினாரே, அந்த விசுவாசமா?"

தச்சர் உளியைக் கீழே வைத்தார். காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "எங்கே போடணும்?"

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

"நீ எழுதினா தப்பா இருக்குமா?"

அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேப்பரைக் கண்டாலே இந்த மனுஷனுக்கு அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமைக்குள் நாற்பது கையெழுத்து சேர்ந்தது. ஒரு போட்டோவும் இருந்துவிட்டால் டாக்டர் வாய் தானாகத் திறக்கும். நாலே காலுக்குக் கடையை மூடிவிட்டுப் பள்ளியின் பின்பக்கமாகப் போனாள். ஜன்னல் உயரமாக இருந்தது. தோட்டத்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

உள்ளே யாரும் காலை நீட்டி உட்காரவில்லை. நீட்ட இடமில்லை. ஒன்றாம் வகுப்புக் குட்டி பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கி இடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். காய்கறி விற்கிற அம்மா, பெயின்டர், வங்கி வாசலில் நிற்கிற காவலாளி. டாக்டரின் மச்சினி காவலாளியின் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'ழ'வின் வாலை எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல் அழித்தார். மறுபடி எழுதினார். சரியாக வந்ததும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

தையல்காரம்மா போனைத் தூக்கவே இல்லை. அப்படியே நின்றாள்.

"வாளி வழுக்கும். பார்த்தும்மா."

பின்னால் டாக்டர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"எல்லாரும் என் கிளினிக்குக்கு வந்தவங்கதான்," என்றார் அவர். "மாத்திரைச் சீட்டைத் தலைகீழாப் பிடிச்சாங்க. கேட்டா, கண்ணாடி கொண்டுவரலைன்னாங்க. ஊருக்குத் தெரியாம இருந்தா கத்துக்க வர்றோம்னாங்க. நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைச்சிருக்கும்."

"அடைச்சிருக்கும். அடுத்த புதன்கிழமை இந்த பெஞ்செல்லாம் காலியா இருந்திருக்கும்."

தையல்காரம்மா பையிலிருந்து மனுவை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"ஓட்டை நான் பார்த்துக்கறேன். வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போக ஆள் இல்லாத பிள்ளைங்களையெல்லாம் என் கடைக்கு அனுப்புங்க."

"கடை சின்னதாச்சே?"

"அவங்களும் சின்னவங்கதானே."

நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"நான் வந்து பார்த்தேன்னு, அந்த மூணாவது பெஞ்சுல இருக்கற எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர்."