நகம் வளரட்டும்

கடைச் சுவரில் தொங்கிய புதிய கிளாசிக்கல் கிதாருக்கு ஒரே ஆசைதான்: யாராவது தன்னை வாசிக்க வேண்டும். போன மாதம் பணி ஓய்வு பெற்ற தேவசகாயம் அதைக் கையில் எடுத்ததும் உள்ளுக்குள் பூரித்துப்போனது.

"ரொம்பக் குதிக்காதே. அவர் வலது கையைப் பார்" என்றது பக்கத்தில் தொங்கிய பழைய கிதார். "நகம் வளர்த்தவர்தான் நம்மை மீட்ட முடியும். இந்த மனுஷன் ஆபீஸில் உட்கார்ந்து முப்பது வருஷமாய்க் கடித்துத் துப்பியிருக்கிறார்."

"இனிமேல் வளர்ப்பார், அக்கா."

"என்னை வாங்கிய மூன்று பேரும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசியில் அவர்கள் பிள்ளைகள்தான் என்னைப் பெட்டியோடு இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது, பார்த்துக்கொள்."

தேவசகாயம் புதிய கிதாரையே வாங்கினார். "நகம் வளரட்டும், அப்புறம் தொடங்குகிறேன்" என்றார் கடைக்காரரிடம்.

பீரோவின் மேல், பெட்டியின் இருட்டில், கிதார் காத்திருந்தது. எப்போதாவது அவர் பெட்டியைத் திறப்பார். தன் விரல்களைப் பார்ப்பார். யோசனையோடு நகத்தைக் கடித்துக்கொண்டே மூடிவிடுவார். பிறகு திறப்பதும் நின்றுபோனது. ஒருநாள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குப் பின் ஒரே அமைதி.

முப்பதாம் நாள், எல்லோரும் அவருடைய கல்லறைக்குப் போயிருந்த மத்தியான நேரத்தில், பெட்டி மெல்லத் திறந்தது. தெரிந்த கைதான். தந்திகளின் மேல் வந்து நின்ற விரல்கள் சில்லென்று இருந்தன.

கிதார் முதலில் நகங்களைத்தான் பார்த்தது. நீளமாக, அழகாக வளர்ந்திருந்தன.