மாமியாரை விரட்டிய மருமகள்

பொய்யெல்லாம் இல்ல சம்பந்தியம்மா. அந்த வீடியோல கைய வீசி என்னை விரட்டுறது சாட்சாத் உங்க பொண்ணேதான். ‘எம் பொண்ணு அப்படிச் செய்யவே மாட்டா’ன்னு நீங்க நூறு தரம் சொன்னாலும் விரட்டினது விரட்டினதுதான். அதுவும் அத்தன கூட்டத்துக்கு முன்னால.

‘நிஜமா இருந்தா அவள உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்’னு குதிக்கிறீங்க. தாராளமாப் பண்ணுங்க. முதல்ல நடந்ததக் கேளுங்க.

உங்களுக்கு உங்க பொண்ணப் பத்திக் கொஞ்சம் மறைச்சே பேசிப் பழக்கம். கல்யாணம் பேச வந்தப்போ ‘இவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது’ன்னீங்களே, ஞாபகமிருக்கா? கல்யாணமான கொஞ்ச நாள்லயே உங்க மாப்பிள்ளையப் பின்னால உக்கார வச்சு பைக்குல வந்து எறங்குறா. அவன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு... சரி, அத விடுங்க. எங்க விட்டேன்?

ஆங், உங்க பொண்ணு ஓட்டுற பைக் ரேஸு. ‘வீட்ல உக்காந்து கவலப்படறதுக்கு, வந்து ஏதாவது வேல செய்யுங்க அத்தை’ன்னு அவதான் என் பேரக் குடுத்துட்டா. சம்பளம் கிடையாது. ஒரு ஆரஞ்சுக் கோட்டு குடுத்தாங்க. என்னோட இன்னொருத்தியையும் உள்ள விட்டு பட்டன் போடலாம், அவ்வளவு பெருசு.

நானும் ஒரு ரிட்டையர்டு டிரில் மாஸ்டரும் கடைசி வளைவுல நிக்கணும். பழைய டயர அடுக்கிக் கட்டின சுவருக்குப் பின்னால. யாராவது விழுந்தா மஞ்சக் கொடி காட்டணும். கை தட்டக் கூடாதாம்.

‘நம்ம வீட்டு ஆளு ஓட்டுதுன்னு சந்தோஷத்தக் காட்டிடக் கூடாதும்மா’ன்னார் மாஸ்டர்.

‘மருமகதானே சார், அந்தப் பயமே உங்களுக்கு வேணாம்’னேன்.

அன்னைக்குக் காலையில வீட்ல ஒரு சின்ன உரசல். அவ ரேஸுக்குப் போடற தோல் கிளவுஸு நாத்தம் தாங்கலையேன்னு நான் சோப்புத் தண்ணியில ஊறப் போட்டு அலசிக் காய வச்சிருந்தேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்? எடுத்துப் பாத்தா கட்ட மாதிரி வெறச்சுக் கிடக்கு, ஒரு விரல் நுழையல. யார்கிட்டயோ இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டா. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாலாவது நிம்மதியா இருந்திருக்கும்.

ரேஸு ஆரம்பிச்சுது. உங்க பொண்ணு முதல்ல வர்றா! இத்தன வருஷமா அஞ்சாவது, ஆறாவதுன்னே வந்தவ. வண்டியத் தரையோட சாய்ச்சு, முட்டி உரசுற மாதிரி வளைக்கிறா. அந்தப் பக்கம் உங்க மாப்பிள்ளை நகத்தக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கடிக்க நகமில்லாம கைக்குட்டையக் கடிச்சானாம். என் கை சும்மா இருந்துச்சே தவிர, நெஞ்சுக்குள்ள ஒரே கைதட்டல்.

அப்பத்தான் நடந்துச்சு. வளைவுக்கு வந்தவ, ஹேண்டில்பார்லேருந்து ஒரு கைய எடுத்து என்னைப் பாத்து வீசினா. காக்காய விரட்டுவோமே, அப்படி. ‘போ, போ’ன்னு.

‘என்னம்மா, மருமகளுக்குக் கோவமா?’

‘கிளவுஸத் துவைச்சுட்டேன் சார்.’

‘தோல் கிளவுஸயா?’ன்னு மாஸ்டரே என்னை ஒரு மாதிரியாப் பாத்தார்.

அடுத்த சுத்துலயும் அதே விரட்டல். அதுக்கும் அடுத்த சுத்துல இன்னும் வேகமா வீசறா. ஒத்தக் கையில வண்டி நிக்குமா? தடுமாறி விலகிப் போச்சு. பின்னால வந்தவன் அந்தச் சந்துல பூந்து முன்னால போயிட்டான். போச்சு முதல் பரிசு!

எனக்கு வந்துச்சு பாருங்க ரோஷம். ‘ஒரு கிளவுஸுக்காக ஜெயிக்கிற ரேஸக் கோட்டை விடுவாளா? இனிமே இங்க நின்னா நான் மனுஷியே இல்ல’ன்னு கொடியத் தோள்ல சாத்திக்கிட்டு, தண்ணி டிரம்மு பக்கம் விறுவிறுன்னு நடந்துட்டேன்.

‘கொடியக் குடுத்துட்டாவது போங்கம்மா!’ன்னு மாஸ்டர் என் பின்னாலேயே ஓடி வந்தார்.

டமார்!

கடைசியா வந்தவன் வழுக்கி மண்ணுல உருண்டிருக்கான். அவனுக்கு ஒண்ணுமில்ல, எழுந்து தூசு தட்டறான். ஆனா அவன் வண்டி, டயர் சுவருக்குள்ள நேரா நுழைஞ்சு, நாங்க நின்ன இடத்துல மல்லாந்து கிடக்கு. சக்கரம் இன்னும் சுத்துது. மாஸ்டர் கொடியப் பிடுங்கி நீட்டினார்.

ரேஸு முடிஞ்சுது. உங்க பொண்ணு ரெண்டாவது. பரிசு மேடைக்குக் கூப்பிடறாங்க, காதுலயே வாங்காம எங்கிட்ட ஓடி வர்றா.

‘எதுக்குடி என்னை விரட்டின?’ன்னேன்.

என் கையப் புடிச்சுச் சுவருக்கு முன் பக்கம் கூட்டிட்டுப் போனா. நாங்க வர்றதுக்கு முந்தி நடந்த ரேஸுல யாரோ மோதினதுல டயரக் கட்டின கயிறு அறுந்து, நாங்க நின்ன இடத்துக்கு நேரா வாசக்கதவு அகலத்துக்குச் சுவர் பொளந்து கிடந்திருக்கு. எங்க பக்கம் விளம்பரத் துணி மூடியிருந்ததால எங்களுக்குத் தெரியல. வண்டி ஓட்டறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அத்தன பேரும் பாத்துக்கிட்டேதான் போயிருக்காங்க சம்பந்தியம்மா. கைய எடுத்தா தோத்துடுவோம்னு மத்தவங்க யாரும் எடுக்கல.

‘பைத்தியக்காரி, மொத தடவையா ஜெயிச்சிருப்பியேடி!’ன்னேன்.

‘கப்பு வருஷா வருஷம் குடுப்பாங்க அத்தை. மாமியார ஒரு தடவதானே குடுக்கறாங்க’ன்னு சிரிக்கிறா.

ஐயய்யோ, நீங்க எதுக்கு இப்போ அழறீங்க? அவளத் திட்டப்போறேன்னுதானே குதிச்சீங்க?

அடியே! வெளிய நின்னு வண்டி துடைச்சது போதும். உங்கம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா. டம்ளர்ல வேணாம்டி, அந்த ரெண்டாம் பரிசுக் கப்புலயே கொண்டா!