சித்தியின் கண்கள்

ஸ்ரீரங்கத்து மாடி வீட்டில் சாய்வெயில் மேசைவரை வந்துவிட்டது. தேவதர்ஷினி குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காக, இளவரசியைக் காட்டுக்குத் துரத்தும் சித்தியின் முகத்தை வரைகிறாள். "கண்ணுல இன்னும் கொடுமை வேணுங்க" என்று பதிப்பகத்தில் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். புருவத்தை வளைக்கிறாள், உதட்டை மெலிதாக்குகிறாள். எப்படி வரைந்தாலும் அழுது ஓய்ந்த கண்களே வருகின்றன. மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. பின்னால் கனிஷ்கா தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருக்கிறாள். அவள் தேவதர்ஷினியுடைய கணவனின் மூத்த தாரத்து மகள். போன மாதம் அவனும் இறந்துவிட்டதால், பெண்ணைத் துறையூருக்கு அழைத்துப்போக அவளுடைய தாய்மாமன் பாலு வந்து கீழே ஆட்டோவில் காத்திருக்கிறார். இரு என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று தேவதர்ஷினி காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

பையின் ஜிப் மூடும் சத்தம் கேட்கிறது. கனிஷ்கா மேசையருகே வந்து படத்தைப் பார்க்கிறாள்.

"இவங்க அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடுவாங்களா, சித்தி?"

"கதையில அப்படி இல்லம்மா."

"சரி. போயிட்டு வரேன்."

செருப்புச் சத்தம் படியில் இறங்குகிறது. ஆட்டோ கிளம்ப உறுமுகிறது. தேவதர்ஷினி பென்சிலைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடுகிறாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்ட பெண்ணின் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள்.

"போகாத கனி. நீ இல்லாம என்னால முடியாதுடி."

பாலு எட்டிப் பார்க்கிறார். கனிஷ்கா சித்தியையே பார்க்கிறாள். பிறகு, ஆட்டோவில் வைத்த காலை எடுத்துத் தெருவில் வைக்கிறாள்.