புறங்கையில் ஒரு சொட்டு

ஐஸ்காரர் பழைய நினைப்பில் இரண்டு கட்டிகளையும் என் கடையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று எனக்கு. இன்னொன்று சின்னவனுக்கு. அவன் கடை பொருட்காட்சியின் அந்தக் கோடியில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வரை இரண்டும் ஒரே எலுமிச்சை ஜூஸ் கடைதான். அக்கா நான் பிழிவேன், தம்பி அவன் கலக்குவான். விதை விழாமல், தோலின் கசப்பு இறங்காமல் பிழிவது என் கை. சர்க்கரையும் உப்பும் பார்த்துப் போடுவது அவன் கை. பன்னிரண்டு கோடை அப்படிப் போனது.

பஸ் டிரைவர் ஒருவர் வருஷா வருஷம் குடும்பத்தோடு வருவார். கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அந்தம்மாவும் ஒரே கப்பில் குடித்தது எங்கள் கடையில்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நேற்று இரண்டு கடையிலும் குடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பழைய ருசி உங்ககிட்ட பாதி இருக்கு. தம்பிகிட்ட அதுவும் இல்லம்மா.”

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்த் தட்டில் கை வைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. காரணம், நான் சொன்ன ஒரு பழமொழி. நரம்பில்லாத நாக்கு என்று என்னை மாதிரி ஆட்களுக்காகத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. சாக்கு சுற்றியிருந்தும் அவன் ஐஸ் சொட்ட ஆரம்பித்துவிட்டது. சொல்லி அனுப்ப ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

தள்ளுவண்டியில் கட்டியை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். சோளப்பொரிக் கடை, பஞ்சுமிட்டாய்க் கடை, வளையம் எறிகிற கடை என்று எல்லோரும் செய்த வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். அக்கா எந்தப் பக்கம் போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சின்னவன் கடை வாசலில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. அது முழுக்கப் பாதி குடித்து எறிந்த கப்புகள். ஈக்களுக்குத்தான் கொண்டாட்டம்.

அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி கலக்கிக்கொண்டிருந்தான். அண்டாவில் கரண்டி சுற்றுகிற அதே சத்தம்.

கலக்கி முடித்துக் கரண்டியைத் தூக்கினான். அடுத்தது என்ன என்று எனக்கு மனப்பாடம். இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவான். கண்ணை மூடுவான். ஒரு சிட்டிகை உப்பு போடுவான், இல்லையென்றால் போடமாட்டான். எங்கள் கடையின் தொழில் ரகசியமே அவ்வளவுதான்.

இன்றைக்கு நக்கவில்லை. ஒரு கப்பில் ஊற்றி, பக்கத்தில் நின்ற பலூன்காரரிடம் நீட்டினான். அவர் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். வெந்நீரைக் கொடுத்தாலும் தலையை ஆட்டுகிற மனுஷர்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது.

நான் அந்தப் பழமொழியைச் சொன்ன அன்றைக்கு அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம். மாமனார் வீட்டார் பொருட்காட்சி பார்க்க வந்து, கடை முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கென்று தனியாகக் கலக்கினான். வழக்கம்போலப் புறங்கையில் விட்டு நக்கினான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“தேன் எடுத்தவன் புறங்கைய நக்காம இருப்பானா?” என்றேன்.

நான் சொன்னது ஜூஸை. சத்தியமாக ஜூஸை மட்டும்தான். ஆனால் கல்லாப்பெட்டியும் அவன் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பழமொழியை யாரும் தேனுக்காகச் சொல்வதில்லை. மாமனார் கல்லாவைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், சிரித்தார். சின்னவன் கையைத் துடைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் தனிக்கடை.

அன்றைக்குத் துடைத்த கையை இன்னும் வாயில் வைக்கவில்லை போலிருக்கிறது. கோபத்தில் கடையை மட்டும்தான் பிரித்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

வண்டியை நிறுத்திவிட்டு, மேஜைக்கு மேலே என் இடது கையைக் குப்புற நீட்டினேன்.

“ஒரு சொட்டு விடுடா.”

திரும்பினான். கையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். வண்டியில் சொட்டிக்கொண்டிருந்த ஐஸைப் பார்த்தான். பிறகு அண்டாவில் மொண்டு, முழுக் கரண்டியையும் என் கைமேல் கவிழ்த்தான். முழங்கை வரை வழிந்தது. நான்கு வருஷக் கோபத்துக்கு அதுவாவது வேண்டாமா.

நக்கினேன். பலூன்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பார்க்கட்டும்.

“உப்பு பத்தல” என்றேன்.

அவன் ஒரு சிட்டிகை போட்டான். கலக்கினான். கரண்டியைத் தூக்கியவன், பழைய நினைப்பில், தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டான். விட்ட பிறகுதான் என்னைப் பார்த்தான்.

நான் ராட்டினத்தைப் பார்க்கிறவள் மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. வாய் வரைக்கும் ஒரு பழமொழி வந்தது. விழுங்கிவிட்டேன்.