எந்தக் காலில் வலி?

"என் முட்டி போச்சு. இதுக்கு மேல நான் வரல" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டாள் போர்கில்ட்.

எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. உச்சி கண்ணெதிரே நிற்கிறது. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம், நடுவே ஒற்றையடி அகலத்துக்கு ஒரு பாறை முகடு. அதைத் தாண்டிவிட்டால் சிகரம்தான்.

காலையில் கிளம்பும்போது, "அறுபது வயசுலயும் நான் ஆடு மாதிரி ஏறுவேன், பார்த்துக்கிட்டே இருங்க" என்று ஜம்பம் அடித்தவளும் இவள்தான்.

வழிகாட்டி ஹால்டோர் குனிந்து பார்த்தான். "ரொம்ப வலிக்குதா?"

"இடது முட்டி. ஆணி அடிச்ச மாதிரி இருக்கு."

"சரி, திரும்பிடுங்க. ஆனா என் குழுவுல யாரையும் தனியா இறங்க விடமாட்டேன். துணைக்கு ஒருத்தர் போகணும். யார் போறீங்க?"

ஆளாளுக்குத் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்த டென்மார்க் தம்பியை அனுப்புங்க. பேச்சுத்துணைக்கு நல்ல ஆளு" என்றாள் போர்கில்ட்.

அந்தத் தம்பி மோகென்ஸின் மனைவி ராண்டிக்குச் சுர்ரென்றது. கல்யாணமான பிறகு வந்த முதல் கோடை இது. நேற்று நார்வேக்குள் கால் வைத்ததிலிருந்து அவள் அண்ணன் தோர்கெய்ர் மோகென்ஸை வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறான். "மாப்பிள்ளை, உங்க நாடே தோசைக்கல்லு மாதிரி தட்டை. அங்க மாட்டுத் தொழுவத்துக் கூரைதானே பெரிய சிகரம்?" இன்றைக்கு உச்சியில் புருஷனை நிற்கவைத்து அண்ணன் வாயை அடைக்கலாம் என்றிருந்தாள்.

"வேற யாராவது போகட்டுமே" என்றாள்.

"பரவாயில்ல ராண்டி. வயசானவங்களைத் தனியா விடலாமா?" என்று சொல்லிவிட்டு, போர்கில்டின் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான் மோகென்ஸ்.

சாயங்காலம் எல்லோரும் மலைக்குடிலுக்குத் திரும்பியபோது, அவன் அடுப்படியில் சூப் கிளறிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை நைசா தப்பிச்சிட்டார்!" என்று ஆரம்பித்தான் தோர்கெய்ர்.

"இவங்க முட்டி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, உனக்கு முன்னாடி நான் மேல நின்னிருப்பேன்!" என்றான் மோகென்ஸ்.

"அதுவும் சரிதான். பாவம், உங்க மேல தப்பில்ல" என்ற தோர்கெய்ர், போர்கில்டின் பக்கம் திரும்பினான். "முட்டி சரியில்லாதவங்க வீட்ல உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதானே? எதுக்கு அடுத்தவன் லீவைக் கெடுக்கணும்?"

ராண்டிக்கு அது நன்றாகவே இனித்தது. நறுக்கென்று கேட்டான் அண்ணன்.

"தப்புதான்பா" என்று எழுந்த போர்கில்ட், நொண்டிக்கொண்டே தண்ணீர் வாளிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ராண்டியின் நெற்றி சுருங்கியது. நொண்டியது வலது கால். மேலே பாறையில் உட்கார்ந்தபோது இடது முட்டி என்றல்லவா சொன்னாள்?

பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஓடைச் சரிவில், இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த வாளிகளோடு விறுவிறுவென்று ஏறி வந்துகொண்டிருந்தாள் போர்கில்ட். நொண்டலையே காணோம்.

"உங்களுக்கு எந்தக் கால்லதாங்க வலி?"

போர்கில்ட் அப்படியே நின்றுவிட்டாள். வாளிகளைக் கீழே வைத்தாள். "அட, காலை மாத்திட்டேனா?"

"அப்போ எல்லாம் நடிப்பா? என் புருஷன் மேல உங்களுக்கு என்ன கோபம்? எங்க அண்ணன்கிட்ட அவன் எவ்வளவு பேச்சு வாங்கியிருக்கான் தெரியுமா?"

"தெரியும்மா. எனக்குப் பின்னாடி வாங்கிக்கிட்டேதான் வந்தான்."

"அப்புறம் ஏன் இப்படிப் பண்ணீங்க?"

போர்கில்ட் குரலைத் தாழ்த்தினாள். "முகடு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பாறையைப் பிடிச்சான் பாரு, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. கையை எடுக்கவே முடியல. கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. நீ முன்னாடி போயிட்டே, உன் அண்ணன் பின்னாடி சிரிச்சிட்டிருக்கான்."

"அவன்கிட்டயே 'திரும்பிடுறியா'ன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா, 'எனக்கென்ன பயம்'னு முதல் ஆளா முகட்டுல ஏறியிருப்பான். அந்தக் காலோட."

அண்ணன் வாயை அடைக்கிற அவசரத்தில், முகடு வரை ஏறிய வழியெல்லாம் ராண்டி ஒரு தடவைகூட மோகென்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயையோ, அந்த முட்டியை வச்சுக்கிட்டு வாளி தூக்கலாமா?" குடிலில் இருந்து ஓடிவந்தான் மோகென்ஸ். "ராண்டி, நீயாவது வாங்கக் கூடாதா?" இரண்டு வாளிகளையும் பிடுங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்தான்.

ராண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போர்கில்டின் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க வலி எப்போ சரியாகும்?" என்றாள் மெதுவாக.

போர்கில்ட் ஒரு கணம் யோசித்து, இடது காலை நொண்டத் தொடங்கினாள்.

"உங்க அண்ணன் ஊருக்கு பஸ் ஏறினதும்."