மரிசோலின் இங்கிலீஷ் பாட்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, சாப்பாட்டு நேரம். தையல் மிஷின்கள் ஓய்ந்திருக்கின்றன. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே இறங்கும் வெயில், பாதி தைத்த ஷூக்களின் மேல் காசு காசாகச் சிதறிக் கிடக்கிறது. பசை வாடைக்கு நடுவே சங்கீதாவும் சானியாவும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகியிருக்கிறார்கள்.

"உன் ஸ்பானிஷ்காரி மரிசோல் இப்ப அமெரிக்காவுல கலக்குறாடீ! அதே பாட்டை இங்கிலீஷ்ல பாடியிருக்கா," என்கிறாள் சங்கீதா. "ஷூ ஆர்டர் குடுக்க வர்ற ஃபாரின் பையர் பேசுற இங்கிலீஷே நமக்குப் புரியுது, இவ பாடுறதா புரியாது?"

சானியா கத்திரிக்காய்த் தொக்கைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாய்க்குப் போகவில்லை. மஸ்கட்டுக்கு விமானம் ஏறுமுன் அந்த ஸ்பானிஷ் பாட்டை அவள் போனில் ஏற்றியவன் அவள் காதலித்த ரிஹான். 'காத்திரு, கண்டிப்பா வந்துடுவேன்னு பாடுறா' என்றான். ஸ்பானிஷ் அவனுக்கும் தெரியாது. சரக்கைப் பிரித்துப் பார்க்காமலே சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டாள் சானியா. அவனிடமிருந்து போன் வருவது நின்றுபோய், ரம்ஜானும் வந்து போய்விட்டது. பாட்டு மட்டும் தினமும் 'வந்துடுவேன்' என்கிறது.

கிடார் மெல்ல எழுகிறது; பிறகு கைத்தட்டல். மரிசோல் மூச்சை இழுக்கும் அந்தச் சின்னச் சத்தம்கூட அப்படியே இருக்கிறது. அடுத்தது ரிஹான் அர்த்தம் சொன்ன அந்த வரிதான். சானியா இடக்கையால் இயர்போனைப் பிடுங்குகிறாள்.

"இன்னாடி, நல்லா புரியற நேரத்துல?"

"பழசையே போடுக்கா," என்கிறாள் சானியா. "எனக்கு அதுதான் நல்லா புரியுது."